நீதிபதி போய்விட்டார், வழக்கு என்ன ஆயிற்று?

2024 மார்ச் 5 அன்று கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் தன் பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அன்றைக்கே பத்திரிகையாளர்களைக் கூட்டி பாரதிய ஜனதாவில் சேரப்போவதாக அறிவித்தார். மார்ச் 7-இல் சேர்ந்தார். மார்ச் முடிவதற்குள் மேற்கு வங்கத்தின் தம்லுக் தொகுதிக்கு வேட்பாளர். ஜூன் மாதம் 77 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் எம்.பி. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. அதுவரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

கட்சி என்னை அணுகியது, நானும் கட்சியை அணுகினேன் என்று அவரே சொன்னார். கடைசி ஏழு நாள் விடுப்பில் இருந்தேன், பேச்சு அப்போதுதான் நடந்தது என்றும் விளக்கம் தந்தார். எட்டு நாளைக்கு முன்னால் அதே கட்சியின் பரம எதிரியான மாநில அரசுக்கு எதிரான மனுக்கள் அவர் மேசையில் இருந்தன. எட்டாவது நாளில் இல்லாத ஆசை ஏழாவது நாளில் முளைத்தது என்று நாம் நம்ப வேண்டுமாம்.

இதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நீதித்துறையின் புனிதம் கெட்டுவிட்டது என்று ஒரு கூட்டம். ஊழலை எதிர்த்த வீரர் மக்கள் மன்றத்துக்கு வந்திருக்கிறார் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கத்திலும் எழுதியவர்கள் படித்தவர்கள், பெரும்பாலும் ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து வந்தவர்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் நான் சேரவில்லை.

புனிதம் கெட்டது என்று அழுவதற்கு நமக்கு அந்தப் புனிதம் எப்போது வாய்த்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதை எழுதிய நீதிபதிகள் எந்தக் கட்சியிலும் சேர்ந்து எழுதவில்லை. கட்சி சேராமலேயே பக்கம் சேரலாம் என்பது வெண்மணிக்குப் பிறகு நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல. ஆகவே புனிதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. நீதிபதி எழுந்து போய்விட்டார். அவர் மேசைமேல் இருந்த வழக்கு என்ன ஆயிற்று?

1

பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியது ஆசிரியர் நியமன ஊழல் வழக்குகளைப் பற்றி. அதில் சரக்கு இருந்தது, மறுக்கவில்லை. லஞ்சம் வாங்கிக்கொண்டு வேலை விற்றார்கள். 2022 ஜூலையில் முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி கைதானார். தேர்வு எழுதித் தகுதி பெற்று வேலை கிடைக்காத பிள்ளைகள் கல்கத்தா வீதிகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கங்கோபாத்யாய் கடவுள் மாதிரி.

ஆனால் நம் பக்கத்து ஆட்களே கவனிக்காமல் விட்ட இன்னொரு வழக்கு உண்டு. மேற்கு வங்கத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பழங்குடி, பட்டியல் சாதிச் சான்றிதழ்களைப் போலியாகக் காட்டி இடம் பிடித்தார்கள் என்பது அந்த வழக்கு. ஒதுக்கீட்டு இடத்துக்குக் காத்திருந்த ஒரு மாணவி மனுப் போட்டிருந்தார்.

2024 ஜனவரி 24 அன்று கங்கோபாத்யாய் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டார். அன்றே மாநில அரசு இருவர் அமர்வுக்கு ஓடியது. நீதிபதி சௌமென் சென் இருந்த அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. தடை இருக்கட்டும், ஆவணங்களைக் கொடுங்கள் என்றார் கங்கோபாத்யாய். மறுநாள் ஒரு படி மேலே போனார். தடை கொடுத்த சக நீதிபதி ஒரு அரசியல் கட்சிக்காக வேலை செய்கிறார் என்று தன் உத்தரவிலேயே எழுதினார். ஒரே கட்டடத்தில் ஒரு நீதிபதி இன்னொரு நீதிபதியைக் கட்சிக்காரர் என்கிறார்! ஜனவரி 27, சனிக்கிழமை, விடுமுறை நாள். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கூடி எல்லாவற்றுக்கும் தடை விதித்தார்கள். திங்கட்கிழமை வழக்கைத் தங்களிடமே எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு நாள். இந்த ஆறு நாளும் இந்தியாவின் அத்தனை பத்திரிகைகளிலும் இது முதல் பக்கம். எல்லாம் நீதிபதி நீதிபதியோடு மோதிய கதை. போலிச் சான்றிதழ் கொடுத்த அதிகாரி யார், வாங்கியவன் யார், எத்தனை இடம் போயிற்று என்று தேடினால் கடைசிப் பத்தியில்கூடக் கிடைக்காது. மனுப் போட்ட பெண் அந்தக் கதையில் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அடுத்த ஐந்து வாரத்தில் நீதிபதி பதவியை விட்டார், கட்சியில் சேர்ந்தார். சக நீதிபதியின் மீது எந்தக் குற்றச்சாட்டை எழுதினாரோ அதையே தன் நெற்றியில் எழுதிக்கொண்டு போனார்.

இதனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். போலிச் சான்றிதழில் டாக்டருக்குப் படிக்கிறவன் இப்போது சொல்லலாம்: என்மேல் விசாரணை போட்டவர் கட்சிக்காரர், அது அரசியல் பழிவாங்கல். மாநில அரசு சொல்லலாம்: பார்த்தீர்களா, அப்போதே சொன்னோம். உண்மையிலேயே இடத்தைப் பறிகொடுத்தவர் என்ன சொல்வது? அவருடைய நியாயத்தை அவருக்கு நியாயம் செய்ததாகப் பேர் வாங்கியவரே கெடுத்துவிட்டுப் போனார்.

போலிச் சான்றிதழ் நம்மவருக்குச் சின்ன விஷயமா? 1994-இல் மாதுரி பாட்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் சாதிச் சான்றிதழைச் சரிபார்க்கக் குழு வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. குழுக்கள் வந்தன. வழக்கு வரும், நோட்டீஸ் போகும், தடை வாங்குவான், மேல்முறையீடு செய்வான். அதற்குள் படிப்பு முடிந்துவிடும், வேலையும் கிடைத்துவிடும், சில பேருக்கு ஓய்வூதியமே வந்துவிடும். தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்த இருளர் குடும்பங்களில் பத்தாவது முடித்த பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். உங்க பாட்டன் எலி பிடிச்சானா, பாம்பு பிடிச்சானா, பிடிச்சுக் காட்டு என்கிற மாதிரிக் கேள்வி. உண்மையான பழங்குடிக்கு ஆயிரம் சோதனை, போலிக்குக் கையில் தயாராகச் சான்றிதழ். வங்கத்து வழக்கு இந்த ஏமாற்று வேலையை நாடு முழுவதும் பேச வைத்திருக்க முடியும். அந்த வாய்ப்பை ஒரு மனிதரின் தேர்தல் ஆசை விழுங்கியது.

2

இந்த இடத்தில் எனக்கு இன்னொருவர் நினைவு வருகிறார். அவரும் அதே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்தான். நம் ஊர்க்காரர், கடலூர் மாவட்டத்துத் தலித். சி.எஸ். கர்ணன்.

2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். சக நீதிபதிகள் சாதி பார்க்கிறார்கள் என்று 2011-இல் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் புகார் கொடுத்தார். 2016-இல் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். மாற்றல் உத்தரவுக்குத் தானே தடை போட்டார், பிறகு போனார். 2017 ஜனவரியில் இருபது நீதிபதிகளின் பெயர்களை எழுதி ஊழல் என்று பிரதமருக்குக் கடிதம் அனுப்பினார். ஏழு நீதிபதிகள் அமர்வு அவமதிப்பு வழக்கை எடுத்தது. மனநலப் பரிசோதனை செய்யச் சொல்லி மே 1-இல் உத்தரவு. அந்த நீதிபதிகளுக்கே வன்கொடுமைச் சட்டத்தில் தண்டனை என்று அவர் பதில் உத்தரவு போட்டார். மே 9-இல் அவருக்கு ஆறு மாதச் சிறை. அவர் பேச்சைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்றும் தடை. ஜூன் மாதம் ஓய்வு வயது வந்து ஒரு வாரம் கழித்துக் கோவையில் பிடித்தார்கள். பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சிறைத் தண்டனை என்பது அதுவே முதல் முறை.

கர்ணன் செய்ததற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2020-இல் நீதிபதிகளின் வீட்டுப் பெண்களையும் நீதிமன்றப் பெண் ஊழியர்களையும் பற்றி அவர் பேசி வெளியிட்ட வீடியோக்கள் அருவருப்பானவை. அதற்காக அந்த டிசம்பரில் கைதானதும் சரியே. பெண்ணை இழிவாகப் பேசுகிறவன் எந்தச் சாதியில் பிறந்தாலும் நமக்கு ஆகாது.

ஆனால் 2017 வரை நடந்ததை மட்டும் எடுத்து, கங்கோபாத்யாய் செய்ததைப் பக்கத்தில் வையுங்கள். அவர் 2022 செப்டம்பரில், நடந்துகொண்டிருந்த வழக்கு சம்பந்தமாக டி.வி.க்குப் பேட்டி கொடுத்தார். நீதிபதிகள் ஊடகங்களுக்குப் பேட்டி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1997-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை இருக்கிறது. 2023 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை அவரிடமிருந்து மாற்றச் சொன்னது. உடனே அவர் என்ன செய்தார்? என் பேட்டியின் மொழிபெயர்ப்பை இன்று நள்ளிரவுக்குள் என்னிடம் கொண்டுவா, அறையில் காத்திருக்கிறேன் என்று உச்ச நீதிமன்றத்தின் செயலாளருக்கே உத்தரவு போட்டார்! அன்று இரவே இரண்டு நீதிபதிகள் கூடித் தடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் சக நீதிபதியைக் கட்சிக்காரர் என்று எழுதினார்.

மேல் நீதிமன்றத்துக்கு உத்தரவு போட்டது, சக நீதிபதிமேல் குற்றம் சாட்டியது என்று இரண்டும் ஒரே வகை. ஒருவருக்கு மனநல டாக்டர், சிறை, வாய்ப்பூட்டு. இன்னொருவருக்கு ஒரு தடை உத்தரவு, கொஞ்சம் அறிவுரை, பிறகு எம்.பி. சீட்டு. கங்கோபாத்யாய் என்பது வங்கத்துக் குலீனப் பிராமணப் பெயர்களில் ஒன்று. அவருடைய கோபத்துக்கு 'தைரியம்' என்று பெயர். கர்ணனின் கோபத்துக்குப் 'பைத்தியம்' என்று பெயர்.

கர்ணனும் அரசியலுக்குப் போனார். 2018-இல் சொந்தமாக ஒரு கட்சி தொடங்கி 2019-இல் மத்திய சென்னையில் நின்றார். எந்தப் பெரிய கட்சியும் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. தோற்றார், யாரும் கண்டுகொள்ளவில்லை. நீதிபதி என்கிற பேர் ஒரு மூலதனம். அந்தப் பேரை ஓட்டாக மாற்ற எல்லாச் சாதிக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை.

3

இது ஒரு கட்சியின் தனிச் சொத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காங்கிரஸ்காரர்களும் பழகிய கைகள்தான்.

1967-இல் தலைமை நீதிபதி கே. சுப்பாராவ் பதவியை விட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றார், ஜாகிர் உசேனிடம் தோற்றார். பகருல் இஸ்லாம் காங்கிரசின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1972-இல் நீதிபதியானவர். 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். பீகார் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகன்னாத் மிஸ்ராவை வழக்கிலிருந்து விடுவித்த அமர்வில் இருந்தார். 1983-இல் பதவி விலகி மறுபடியும் காங்கிரஸ் எம்.பி. ரங்கநாத் மிஸ்ரா 1984 சீக்கியர் படுகொலையை விசாரித்தவர், தலைமை நீதிபதியானவர், 1998-இல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் பட்டியல் சாதித் தகுதி தர வேண்டும் என்று பரிந்துரைத்த ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். அந்த நன்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதற்காக 1984-இல் தகப்பனை இழந்த சீக்கியப் பிள்ளையின் சந்தேகத்தை யாரால் தீர்க்க முடியும்?

2012-இல் எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகள் ஓய்வுக்குப் பிந்தைய வேலைகளால் பாதிக்கப்படுகின்றன என்று பேசினார். 2014-இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே வருஷம் முன்னாள் தலைமை நீதிபதி சதாசிவம் கேரள ஆளுநர். 2019 நவம்பர் 9-இல் அயோத்தித் தீர்ப்பு. அந்த அமர்வின் தலைவர் ரஞ்சன் கோகோய் நவம்பர் 17-இல் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை. அதே அமர்வின் அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு, பிப்ரவரியில் ஆந்திர ஆளுநர்.

நம்மை நேராக அடித்தது வேறொன்று. 2018 மார்ச் 20-இல் நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், யு.யு. லலித் அமர்வு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. புகார் கொடுத்தால் முதலில் முன்விசாரணையாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவர் மேலதிகாரியின் அனுமதி வேண்டுமாம். மற்றவரைக் கைது செய்ய மாவட்ட எஸ்.பி.யின் ஒப்புதல் வேண்டுமாம். முன்ஜாமீனுக்குக் கதவு திறந்தாயிற்று. ஏப்ரல் 2-இல் நாடு முழுவதும் தலித்துகள் தெருவுக்கு வந்தார்கள், வடக்கே நம் பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்தார்கள். ஜூலை 6-இல் நீதிபதி கோயல் ஓய்வு பெற்றார். அன்றைக்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலைவர் பதவி! ஆளும் கூட்டணிக்குள்ளேயே பாஸ்வானின் கட்சி எதிர்த்தும் பதவி நிலைத்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பு தப்பு என்று ஆன பிறகும் தீர்ப்பு எழுதியவருக்குக் கிடைத்த பதவி கிடைத்ததுதான்.

தீர்ப்புக்கும் பதவிக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. யாரிடமும் இருக்காது. அதுதான் ஆபத்து. மனசுக்குள் நடந்த பேரத்துக்கு ரசீது கிடையாது. நிரூபிக்க முடியாத ஒன்றைத் தடுக்க வேண்டுமானால் வாய்ப்பையே அடைக்க வேண்டும்.

4

பதினெட்டு வருஷமாக வன்கொடுமை வழக்குகளின் பின்னால் மாவட்ட நீதிமன்றங்களுக்கு அலைகிறவன் நான். நம் மக்கள் நீதிபதியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தால் வராந்தாவில் முதல் கேள்வி: "இந்த அய்யா எந்த ஊரு?" ஊர் கேட்பது எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகனை அடித்துக் கையை உடைத்த வழக்கில் பதினோரு வாய்தாவுக்கு வந்த ஓர் அம்மாவிடம், நீதிபதிக்குப் பக்கம் கிடையாதும்மா, சட்டம்தான் என்று எங்கள் வக்கீல் தோழர் விளக்கினார். அந்த அம்மா சொன்னார்: "பக்கம் இல்லாத மனுசன் உண்டா தம்பி? அந்த நாக்காலில உக்காந்திருக்கிற மட்டுமாச்சும் அதை வெளிய காட்டாம இருந்தாப் போதும். நாம பொழச்சுக்குவோம்."

நம் மக்கள் கேட்பது அவ்வளவுதான். மேல்சாதி விமர்சகர்கள் கேட்கிற புனிதத்தைவிட இது எவ்வளவோ நடைமுறையானது. நீதிபதிக்கு மனசு இருக்கும், சாதி இருக்கும், கட்சிப் பிடிப்பும் இருக்கும். நாற்காலியில் இருக்கும்வரை அதை அடக்கியாக வேண்டும் என்கிற கட்டாயம் இருந்தால், தோற்கிறவனுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. இன்றைக்கு எழுதிய தீர்ப்பு நாளைக்கு டிக்கெட் வாங்கித் தரும் என்று ஆகிவிட்டால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. அடக்குவதைவிடக் காட்டிக்கொள்வதில்தான் வரும்படி.

சாட்சியைக் கூண்டில் ஏற்றி, நீ எந்தக் கட்சி, எந்த இயக்கம், யார் சொல்லிக்கொடுத்து வந்தாய் என்று நம்மவரைக் குடைகிறார்கள். இயக்கத்துக்காரன் சாட்சி என்றால் நம்பத்தகாதது என்று எழுதிவிடுகிறார்கள். கொடி பிடித்த கூலிக்காரனின் சாட்சிக்கு மதிப்பில்லை, கொடி பிடிக்கப்போகிற நீதிபதியின் தீர்ப்புக்கு மட்டும் எப்படி அய்யா மதிப்பு?

5

எதிர்வாதங்களைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

நீதிபதியும் குடிமகன்தானே, தேர்தலில் நிற்க உரிமை இல்லையா என்கிறார்கள். உண்டு. ஆனால் உரிமையோடு கூடவே தடையும் வைப்பது அரசியல் சட்டத்துக்குப் புதிதல்ல. தணிக்கைத் துறைத் தலைவர் பதவி முடிந்தபின் அரசில் வேறு பதவி ஏற்கக் கூடாது என்கிறது 148-ஆம் பிரிவு. மத்தியத் தேர்வாணையத் தலைவருக்கு 319-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுக்குப்பின் எந்த நீதிமன்றத்திலும் வக்கீலாக வாதாடக் கூடாது என்கிறது 124-ஆம் பிரிவு. வாதாடினால் நடுநிலை கெட்டுவிடும், ஆளும் கட்சியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் கெடாதா?

வி.ஆர். கிருஷ்ணய்யர் அரசியலிலிருந்து வந்தவர்தானே என்று இன்னொரு கேள்வி. ஆமாம், 1957 கேரள கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் மந்திரி. அவர் நிறம் ஊருக்கே தெரியும். தெரிந்துதான் நியமித்தார்கள், ஒவ்வொரு தீர்ப்பையும் அந்த வெளிச்சத்தில் வைத்துப் படித்தார்கள். 1980-இல் ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்துத்தான் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்பதற்கென்றே நின்றார். கே.எஸ். ஹெக்டேயும் 1973-இல் இந்திரா அரசு தன்னைத் தாண்டி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்கியபோது விலகினார், நான்கு வருஷம் கழித்து 1977-இல் எம்.பி. ஆனார். நான்கு வருஷத்துக்கும் இரண்டு நாளுக்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கனமானது. நீதிபதிகள் பின்னால் அரசுப் பதவி ஏற்கத் தடை வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் கே.டி. ஷா திருத்தம் கொண்டுவந்தார். அதை எதிர்த்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். நீதிமன்றங்கள் தீர்ப்பது பெரும்பாலும் குடிமக்களுக்கு இடையிலான வழக்குகள், அரசுக்கு அவற்றில் அக்கறை மிகக் குறைவு, ஆகவே நீதிபதியை அரசு வசப்படுத்தும் வாய்ப்பும் குறைவு என்பது அவர் சொன்ன காரணம்.

அம்பேத்கர் சொன்னார் என்று வாயை மூடிக்கொள்வது பக்தி. அவருக்குப் பிடிக்காத விஷயம் அது. அவர் சொன்னது காரணத்தோடு சொன்ன முடிவு. காரணம் மாறினால் முடிவும் மாற வேண்டும். இன்றைக்கு நாட்டின் மிகப் பெரிய வழக்காளி அரசுதான். நிலம், இட ஒதுக்கீடு, தேர்தல் நன்கொடை, ஜாமீன், மசூதி, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அரசு நிற்கிறது. 1958-லேயே சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் ஓய்வுக்குப்பின் நீதிபதிகள் அரசு வேலை ஏற்கக் கூடாது என்று எழுதியது. எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. அம்பேத்கரின் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இன்று நாம் கே.டி. ஷாவின் திருத்தத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

நம்மில் ஒருவர் 2025-இல் இதைச் சொன்னார். தலைமை நீதிபதியாக இருந்த பி.ஆர். கவாய், அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது தலித். ஓய்வு பெற்ற உடனே அரசுப் பதவி ஏற்பதும், பதவி விலகித் தேர்தலில் நிற்பதும் அறம் சார்ந்த கேள்விகளை எழுப்பும் என்றும், தான் எந்தப் பதவியும் ஏற்கப்போவதில்லை என்றும் இங்கிலாந்தில் பேசினார். அதே ஆண்டு அக்டோபர் 6-இல், உச்ச நீதிமன்றத்துக்குள், அவரை நோக்கி ஒரு வக்கீல் செருப்பை வீசப் பார்த்தான். பதவியை விட்டுவிட்டுக் கட்சிக்குப் போனவருக்கு மாலை, பதவியில் இருந்து வேலை பார்த்தவருக்குச் செருப்பு.

6

என்ன செய்யலாம்?

முதலாவது, காலத் தடை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விலகினாலும் ஓய்வு பெற்றாலும் ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்தல், நியமன எம்.பி., ஆளுநர் பதவி எதுவும் கூடாது. உயர் அதிகாரி ஒருவர் ஓய்வுக்குப்பின் ஓராண்டுக்குள் தனியார் கம்பெனியில் சேர அரசின் அனுமதி வாங்க வேண்டும். நீதிபதிக்கு அதுகூட இல்லை.

இரண்டாவது, மறுவிசாரணை. ஒரு நீதிபதி கட்சியில் சேர்ந்தால், அந்தக் கட்சிக்கு அக்கறையுள்ள வழக்குகளில் அவர் கடைசி ஓராண்டில் போட்ட உத்தரவுகளை, பாதிக்கப்பட்டவர் கேட்டால், வேறொரு அமர்வு புதிதாகப் பார்க்க வேண்டும். கங்கோபாத்யாய் 2023 மே மாதம் ஒரே உத்தரவில் சுமார் 32 ஆயிரம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் வேலையை ரத்து செய்தார். அதை 2025 டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தள்ளுபடி செய்தது. இரண்டரை வருஷம் 32 ஆயிரம் குடும்பங்கள் தலைமேல் கத்தி. தப்பு செய்தவனும் செய்யாதவனும் ஒரே பட்டியலில். இன்னொரு வழக்கில் 25,753 பேரின் நியமனம் ரத்தானதை உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. எது உண்மையான ஊழல் தீர்ப்பு, எது மேடைக்கான தீர்ப்பு என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவன் தலையில் விழக் கூடாது.

மூன்றாவது, நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி 2018-இலிருந்து 2023 டிசம்பர் தொடக்கம் வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்டவர்கள் 650 பேர். அதில் பட்டியல் சாதியினர் 23, பழங்குடியினர் 10, பொதுப் பிரிவினர் 492. பழங்குடி மாணவர்களின் மருத்துவ இடம் திருடு போன வழக்கை விசாரிக்க, மேல்முறையீட்டில் தடை கொடுக்க, சண்டை போட, சமாதானம் செய்ய என்று இத்தனை நீதிபதிகள் வந்து போனார்களே, ஒரு பழங்குடி நீதிபதியின் குரலாவது அதில் கேட்டதா? நம் ஆட்கள் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, கர்ணனையும் பார்த்தோம். ஆனால் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத வகுப்பிலிருந்து கட்சிக்குப் போகிறவர்கள் எந்தக் கட்சிக்குப் போவார்கள், எந்தக் கொள்கையோடு போவார்கள் என்று கணக்குப் போட ஜோசியம் தேவையில்லை.

இவையெல்லாம் நாளைக்கே நடக்காது. தங்களுக்குப் பயன்படுகிற கதவைத் தாங்களே அடைக்க எந்தக் கட்சியும் வராது. சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இப்போதைக்கு ஒரு வேலை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தன்னிடம் எடுத்துக்கொண்ட அந்தப் போலிச் சான்றிதழ் வழக்கைப் பின்தொடருங்கள். தேதிகளைக் குறியுங்கள், உத்தரவுகளை மொழிபெயர்த்து அச்சடியுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எத்தனை சான்றிதழ் போலி என்று தெரிந்தது, எத்தனை இடம் ரத்தாயிற்று, அந்த இடங்கள் யாருக்குப் போயின? தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கும் அதே மூன்று கேள்வியை அனுப்புங்கள். தம்லுக் எம்.பி.யைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த மனுவில் இருந்த இடங்களைப் பற்றிக் கேட்க நம்மை விட்டால் ஆள் கிடையாது.